ராஜரத்தினம் பிள்ளையும் நாதஸ்வரமும்: டர்பனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயில் திருவிழாவுக்கு மேளம் ஏற்பாடு செய்யும் வேலை எங்கள் குடும்பத்தில் என் தலையில்தான் விழும். அதனால் நாதஸ்வரம் சம்பந்தமான சந்தேகம் யாருக்கு வந்தாலும் என்னிடம் வந்து கேட்பார்கள். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் டி.என்.ராஜரத்தினம் பிள்ளையிடம்தான் போய் நிற்கும். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கத்து நண்பர்களும் ஜோகன்னஸ்பர்க்கில் புதிதாக வந்து குடியேறியிருக்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் கேட்டவற்றை இங்கே ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன். சில பதில் நீளம், சிலது ஒரே வரி. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

யார் இந்த ராஜரத்தினம் பிள்ளை? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்று பட்டம் பெற்றவர். 1898 ஆகஸ்ட் 27 அன்று, இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கும் திருமருகலில் பிறந்தார். 1956 டிசம்பர் 12 அன்று சென்னையில் காலமானார். கோயிலிலும் கல்யாணத்திலும் பின்னணியில் கேட்டுக்கொண்டிருந்த வாத்தியத்துக்கு முன்னால் ஜனங்களைக் காசு கொடுத்து உட்கார்ந்து கேட்க வைத்தவர்.

டி.என். என்றால் என்ன? திருமருகல் நடேசனா?

பாதி சரி. டி என்பது திருவாவடுதுறை, என் என்பது நடேச பிள்ளை. பெற்ற தந்தையின் பெயர் குப்புசுவாமி பிள்ளை, தாய் கோவிந்தம்மாள். வீட்டில் வைத்த பெயர் பாலசுப்பிரமணியம். அப்பா சீக்கிரம் தவறிவிட, தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை பையனைத் தத்து எடுத்துக்கொண்டார். அந்த மாமா திருவாவடுதுறை ஆதீனத்தின் நாதஸ்வர வித்வான். மடத்து வாசலிலேயே வளர்ந்த பையனுக்கு ஊர் மடத்தோடது, இனிஷியல் மாமாவோடது. பின்னாளில் இவரும் அதே ஆதீனத்தின் வித்வான் ஆனார்.

நாதஸ்வரம் வாசிக்கப் போகிறவர் எதற்கு வாய்ப்பாட்டு கற்றுக்கொண்டார்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு தாய். பிள்ளையை நேராக வாத்தியத்தில் உட்கார வைக்காமல் வாத்தியார் ஏன் மாதக்கணக்கில் சரளி வரிசை பாட வைக்கிறார் என்று அவருக்குக் குறை.

ராஜரத்தினம் முதலில் படித்தது பாட்டுத்தான். அதுவும் திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யர் என்ற பெரிய வயலின் வித்வானிடம். அதற்கு அப்புறம்தான் அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளை போன்றவர்களிடம் நாதஸ்வரப் பாடம். நாதஸ்வரத்தில் வீணையைப் போல மெட்டுக் கிடையாது. ஹார்மோனியத்தைப் போலக் கட்டையும் கிடையாது. எந்தச் சுரம் எவ்வளவு அசைய வேண்டும் என்பது முதலில் தொண்டையில் இருந்தால்தான் உதட்டுக்கும் விரலுக்கும் வரும். அவர் வாசித்த ராகங்களைக் கேட்டால் ஒரு பாடகர் மூச்சுவிடும் இடத்தில்தான் அவரும் மூச்சுவிடுகிறார் என்று தெரியும். அந்த அம்மாவிடம் நான் சொன்னது இதுதான்: வாத்தியார் சரியாகத்தான் செய்கிறார், விட்டுவிடுங்கள்.

அவருக்கு முன்னால் நாதஸ்வரக்காரர்களின் நிலைமை எப்படி இருந்தது?

வித்தைக்குக் குறைவில்லை. காவிரிக் கரையில் தெருவுக்கு ஒரு மேதை என்று சொல்லும் காலம். மரியாதையில்தான் குறை. சுவாமி புறப்பாட்டில் முன்னால் நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். பெரிய மனிதர் வீட்டு விசேஷத்தில் தோளில் துண்டு இருக்கக் கூடாது, இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். இரவு முழுக்க ஊதினாலும் பந்தியில் இடம் தனி. பாட்டுக் கச்சேரி வித்வானுக்கு மேடை, ஜமக்காளம், வெள்ளிக் கூஜா. அதே ராகத்தை அதைவிட விரிவாக வாசிக்கிறவருக்கு வாசல். காரணம் சங்கீதத்தில் இல்லை, சாதியில் இருந்தது. நாதஸ்வரம், தவில் வாசித்தவர்கள் பெரும்பாலும் இசை வேளாளர்.

ராஜரத்தினம் இதை வாதாடித் தீர்க்கவில்லை, நடந்து காட்டினார். குடுமியை எடுத்து கிராப் வைத்துக்கொண்டார், காதில் கடுக்கன், உடம்பில் நீளக் கோட்டு, அதில் வரிசையாகப் பதக்கங்கள். பழைய படங்களில் பார்த்தால் சமஸ்தானத்து ராஜா என்றே நினைப்போம். மேடை போட்டுக் கொடுங்கள், உட்கார்ந்து வாசிக்கிறேன் என்றார். இது திமிர் என்று அன்றைக்குச் சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஆடம்பரத்தில் பாதியாவது அவருக்குப் பின்னால் வந்த எல்லா மேளக்காரர்களுக்கும் சேர்த்து அவர் போட்டுக்கொண்ட சட்டை.

பாரி நாதஸ்வரம், திமிரி நாதஸ்வரம் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

திமிரி குட்டை, சத்தம் உச்சம். நான்கு, ஐந்து கட்டை சுருதியில் பேசும் (கட்டை எண் ஏற ஏறச் சுருதியும் ஏறும்). வெட்டவெளியில், தேர் இழுக்கும் கூட்டத்தில் மைல் தூரம் போய்ச் சேர வேண்டிய வாத்தியத்துக்கு அதுதான் சரி. பாரி நீளம், ஏறக்குறைய இரண்டரை அடி. சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டை என்று இறங்கி நிற்கும். குரல் கனமாக, உருண்டையாக வரும். கூரைக்குக் கீழே உட்கார்ந்து ஒரு ராகத்தை நிதானமாகக் கேட்க வேண்டுமென்றால் காதுக்கு இதுதான் சுகம்.

பாரியை இன்றைய வடிவத்துக்குக் கொண்டு வந்தது ராஜரத்தினம் பிள்ளையும் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியும் சேர்ந்து. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில், திருவாவடுதுறைக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஊர் நரசிங்கம்பேட்டை. வித்வான் ஊதிப் பார்த்து இந்தச் சுரம் நிற்கவில்லை என்பார், ஆசாரி துளையைத் திருத்துவார். முக்கியமாகச் சுத்த மத்தியமம், அதாவது 'ம' சுரத்தின் தாழ்ந்த வகை. பழைய வாத்தியத்தில் அதைச் சுத்தமாகப் பேச வைக்க வித்வான் உதட்டால் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அதற்குத் துளையிலேயே வழி செய்தார் ஆசாரி. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

வாத்தியத்தைக் கையில் வாங்கிப் பார்த்தால் இன்னும் புரியும். உடம்பு ஆச்சா மரம். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்தரம், தூண் மாதிரியான மரம்தான் வேண்டும் என்பார்கள், பச்சை மரம் ஆகாது. உடம்புக்கு உலவு என்று பெயர், கீழே விரிந்த பாகம் அனசு. மேலே உலோகக் கெண்டை, அதில் செருகி வாயில் வைத்து ஊதும் நாணல் தட்டைதான் சீவாளி. மேல்பக்கம் விரல் வைக்க ஏழு துளை. அனசுப் பக்கமாக இன்னும் ஐந்து, அவற்றை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதியைச் சரி செய்வார்கள். கெண்டையிலிருந்து ஒரு கயிற்றில் உபரிச் சீவாளிகளும், சீவாளியைத் திறந்துவிட ஒரு ஊசியும் தொங்கும். சிறுபிள்ளைகள் அதை அலங்காரம் என்று நினைத்து இழுப்பார்கள். இழுக்க விடாதீர்கள். ஒரு நல்ல சீவாளி அமைவது குதிரைக்கொம்பு.

ஒத்துக்காரர் என்று முன்பு ஒருவர் நிற்பாரே, இப்போது காணோமே?

ஒத்து என்பது துளை போட்டு வாசிக்காத நாதஸ்வரம் மாதிரி, சுருதி மட்டும் கொடுக்கும். ஒருவர் மூச்சு அறாமல் ஊதிக்கொண்டே நிற்பார், கன்னம் இரண்டும் உப்பி இருக்கும். ராஜரத்தினம் பிள்ளை அதை விட்டுவிட்டுத் தம்புராவை வைத்துக்கொண்டார். அப்புறம் மற்றவர்கள் சுருதிப் பெட்டிக்குப் போனார்கள். இன்றைக்கு டர்பனில் கைப்பேசிச் செயலிதான் ஒத்துக்காரர். வேலை போன அந்த மனிதரை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது, ஆனால் ராகத்தின் மெல்லிய இடங்கள் காதில் விழ ஆரம்பித்தது அதற்கு அப்புறம்தான்.

எல்லாரும் தோடி, தோடி என்கிறார்கள். ஏன் அந்த ஒரு ராகம்?

தோடி எட்டாவது மேளகர்த்தா, அதாவது தாய் ராகம். சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், சுத்த தைவதம், கைசிக நிஷாதம். காகிதத்தில் எழுதினால் இவ்வளவுதான். ஆனால் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்காது, கீழிருந்து அசைந்துகொண்டே வரும். அந்த அசைவின் அளவு தவறினால் வேறு ஏதோ ராகமாகிவிடும். பெரிய வித்வான்களே தோடியை எடுக்கும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

நாதஸ்வரத்தில் இது இன்னும் கஷ்டம். காந்தாரத்தை அசைக்க விரலைப் பாதி மூடிப் பாதி திறக்க வேண்டும், அதோடு சீவாளியில் உதட்டின் அழுத்தம் மாற வேண்டும், காற்றின் வேகமும் மாற வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில், ஒரே அளவில். முன்னே சொன்ன சுத்த மத்தியமம் தோடியில் வரும் சுரம் என்பதையும் கவனியுங்கள். ஆசாரி வாத்தியத்தைத் திருத்தியதும் இவர் தோடி இப்படி விரிந்ததும் வேறு வேறு கதை இல்லை.

அவர் வாசிப்பில் நான் திரும்பத் திரும்பக் கேட்கும் இடம் ஒன்று. மேல் ஷட்ஜத்துக்கு, அதாவது மேல் 'ச'வுக்குப் போய் அங்கே அப்படியே நிற்பார். அசைவே இல்லாத நீண்ட கார்வை. இப்போது இறங்குவார் என்று எதிர்பார்ப்போம், இறங்க மாட்டார். அப்புறம் ஒரே வீச்சில் பிருகாக்களாக, அதாவது வேகமான சுரக் கோவைகளாகக் கொட்டிக்கொண்டு வருவார், அத்தனை வேகத்திலும் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் காதில் விழும். தரைக்கு வந்த பிறகுதான் நாமும் மூச்சு விடுகிறோம். ஜி.என்.பாலசுப்பிரமணியத்தின் பாட்டில் வரும் பிருகா வேகத்துக்கு இவருடைய நாதஸ்வரம் ஒரு முக்கியமான தூண்டுதல் என்று சங்கீத உலகமே ஒப்புக்கொள்கிறது. வாத்தியம் குரலைப் பார்த்துக் கற்பது வழக்கம். இங்கே குரல் வாத்தியத்தைப் பார்த்துக் கற்றது.

எனக்கு ராகமே தெரியாது. கேட்டால் புரியுமா?

புரியும். பெயரெல்லாம் அப்புறம் வரும். முதலில் ஹெட்ஃபோன் போட்டு ஐந்து நிமிடம் வேறு வேலை செய்யாமல் கேளுங்கள். கார் ஓட்டும்போது வேண்டாம், என் நண்பர் ஒருவர் வெளியேற வேண்டிய இடத்தைத் தாண்டிப் பிரதான சாலையிலேயே போய்விட்டார்.

பழைய 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் இடம். திருவிழாவில் மணிக்கணக்கில் விரிக்கிற ராகத்தை அதற்குள் அடக்கியிருக்கிறார். அதனால் இசைத்தட்டை மட்டும் வைத்து அவரை எடை போடக் கூடாது, ஆனால் ஆரம்பிப்பதற்கு அதுதான் நல்ல வாசல். கரகரப்பு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சத்தத்தை வெட்டிச் சுத்தம் செய்த பிரதிகளில் நாதஸ்வரத்தின் மேல் நாதமும் சேர்ந்து வெட்டுப்பட்டிருக்கும், அதைவிடக் கரகரப்பு தேவலை.

கூட வாசித்த தவில்காரர்கள் யார்?

பலர். தலையாயவர் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. தவிலுக்கு அவர் ஒரு சகாப்தம், 1949-ல் போய்விட்டார். நாதஸ்வரத்துக்குத் தவில் பக்கவாத்தியம் என்று சொல்லி நிறுத்திவிட முடியாது. ராகம் வாசிக்கும்போது தவில் சும்மா இருக்கும், ஆனால் நடுநடுவே விழும் அந்த ஒன்றிரண்டு சொல் நாதஸ்வரக்காரரை அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடும். எங்கள் பக்கத்து விசேஷங்களில் தவிலைக் கெட்டிமேளத்துக்கு மட்டும் கூப்பிடுவதுபோல நடத்துகிறோம். தவில் மட்டும் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்கிப் பாருங்கள், காவடிக்கு உறுமியில் ஆடுகிற இளவட்டங்கள்தான் முதலில் வந்து சுற்றி நிற்பார்கள்.

இந்தியா சுதந்திரம் அடைந்தபோது டெல்லியில் வாசித்தாராமே? அந்தச் செங்கோல் கதை உண்மையா?

வாசித்தது உண்மை. 1947 ஆகஸ்ட் 14 அன்று திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் போனவர்கள் டெல்லியில் நேருவிடம் செங்கோலைக் கொடுத்தார்கள். ஆதீன வித்வான் என்ற முறையில் ராஜரத்தினம் பிள்ளையும் போயிருந்தார், நாதஸ்வரம் முழங்கியது. அந்தச் செங்கோல் பல காலம் அலகாபாத் அருங்காட்சியகத்தில் இருந்து, 2023 மே 28 அன்று புது நாடாளுமன்றக் கட்டடத்தில் வைக்கப்பட்டது. அதைக் கொடுத்ததன் அர்த்தம் என்ன, அது ஆட்சி மாற்றத்தின் அதிகாரபூர்வச் சடங்கா என்று அங்கே பெரிய சண்டை நடந்தது. அந்தச் சண்டையை அவர்கள் போட்டுக்கொள்ளட்டும். தலைப்பாகை கட்டிய பிரபுக்களின் வாசலில் நின்று வாசித்த ஒரு பரம்பரையின் பிள்ளை அந்த நாளில் அந்த இடத்தில் வாசித்தார், எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

சினிமாவில் நடித்தாரா?

நடித்தார். 1940-ல் வந்த காளமேகம். கவி காளமேகப் புலவராக அவரே கதாநாயகன். இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். படம் பெரிதாக ஓடவில்லை. நாதஸ்வரத்தைக் கையிலிருந்து பிடுங்கிவிட்டு அவரை வசனம் பேச வைத்தால் எப்படி ஓடும்?

"சிங்கார வேலனே தேவா" பாட்டில் வரும் நாதஸ்வரம் இவருடையதுதானே?

இல்லை, இல்லை. ஒவ்வொரு காவடியிலும் யாராவது ஒருவர் இதை அடித்துச் சொல்வார். அது இவருடைய சிஷ்யர் காருகுறிச்சி அருணாசலம். படம் கொஞ்சும் சலங்கை, 1962. ராஜரத்தினம் பிள்ளை மறைந்து ஐந்து வருடத்துக்கு மேல் ஆன பிறகு வந்தது. பாடியவர் எஸ்.ஜானகி, இசை எஸ்.எம்.சுப்பையா நாயுடு, ராகம் ஆபேரி. குரலும் நாதஸ்வரமும் சுரத்துக்குச் சுரம் துரத்திக்கொள்ளும்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த காருகுறிச்சி, ராஜரத்தினம் பிள்ளைக்கு இரண்டாவது நாதஸ்வரம் வாசித்து அப்படியே சிஷ்யர் ஆனவர். 1921-ல் பிறந்து 1964-லேயே போய்விட்டார். குருவின் வேகம் இவரிடம் கொஞ்சம் இளகி, இனிப்பு கூடியிருக்கும். முதன்முதலாகக் கேட்பவர்களுக்கு நான் குருவை விடச் சிஷ்யரைத்தான் முதலில் கொடுப்பேன். பழகிய பிறகு தானாகவே குருவிடம் போய்ச் சேருவார்கள்.

சங்கீத கலாநிதி பட்டம் எந்த வருடம் கிடைத்தது?

கிடைக்கவே இல்லை. 1955-ல் சங்கீத நாடக அகாடமி விருது கிடைத்தது. சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி நாதஸ்வரத்துக்கு வந்தது 1956-ல், திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்கு. அவரும் அவருடைய சகோதரரும் பெரிய வித்வான்கள், திமிரியை விடாமல் கட்டிக் காத்தவர்கள், அவர்களுக்குக் கிடைத்ததில் யாருக்கும் வருத்தம் இல்லை. பிறகு 1998-ல் ஷேக் சின்ன மௌலானாவுக்குக் கிடைத்தது. ராஜரத்தினம் பிள்ளை பெயர் அந்தப் பட்டியலில் இல்லாதது பட்டியலுக்குத்தான் குறை. சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் அவர் பெயரில் ஓர் அரங்கம் இருக்கிறது.

அவர் காலத்து வித்வான்கள் யாரும் ஏன் நம்மூருக்கு வரவில்லை?

வருவதற்கு வழி எங்கே இருந்தது? 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில் ஆரம்பித்து 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கரும்புத் தோட்டத்துக்கென்று டர்பன் இருக்கும் இந்த நேட்டாலுக்கு வந்தார்கள். அவர்களோடு தெருக்கூத்து வந்தது, அதைத்தான் இங்கே சிக்ஸ் ஃபூட் டான்ஸ் என்கிறோம். தப்புப் பறை வந்தது, மாரியம்மன் தாலாட்டு வந்தது, மேளமும் வந்தது. ஆனால் திருவாவடுதுறையில் மாதிரி ஒரு மடம், மானியம், குருவின் வீட்டில் பத்து வருடம் தங்கிப் படிக்கும் வசதி, எதுவும் வரவில்லை. பகல் முழுக்கக் கரும்பு வெட்டியவர் இரவில் எத்தனை நாழிகை சாதகம் பண்ண முடியும்? அதையும் மீறிக் கோயில் வாசலில் வாத்தியம் நின்றுபோகாமல் பார்த்துக்கொண்டவர்களை நினைத்துத்தான் நான் உள்ளூர் மேளத்தைக் குறை சொல்பவர்களோடு சண்டைக்குப் போவேன்.

அப்புறம் அரசியல். இங்கே நம் ஆட்களை நடத்திய விதத்தைக் கண்டித்து 1946-ல் இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வர்த்தகத்தை முறித்துக்கொண்டது. பின்னால் தூதரக உறவும் போய், 1993-ல்தான் திரும்ப ஏற்பட்டது. இனஒதுக்கல் காலம் முழுக்க அங்கிருந்து வித்வான்கள் தாராளமாக வந்து போக முடியாது. கிரே ஸ்ட்ரீட் கடைகளில் வாங்கிய இசைத்தட்டும், தியேட்டரில் பார்த்த தமிழ்ப் படமும், 1983-க்குப் பிறகு ரேடியோ லோட்டஸும்தான் நமக்குக் கச்சேரி மேடை. ஒரு தலைமுறை முழுக்க நாதஸ்வரத்தைச் சினிமா வழியாகவே தெரிந்துகொண்டதற்கு இதுதான் காரணம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பிள்ளைக்கு நாதஸ்வரம் கற்றுக்கொடுக்க ஆசை. டர்பனில் முடியுமா? பெண் குழந்தை கற்கலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: கற்கலாம். மதுரை பொன்னுத்தாய் என்ற அம்மாள் அந்தக் காலத்திலேயே மேடையேறி வாசித்தார். இன்றைக்குக் காலீஷாபி மஹபூப் தன் கணவர் ஷேக் மஹபூப் சுபானியோடு வாசிக்கிறார், இருவருக்கும் 2020-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மூச்சு பெண்ணுக்குப் போதாது என்று உங்கள் சித்தப்பா சொன்னால், அவரை ஒரு நிமிடம் ஊதச் சொல்லுங்கள்.

முதல் கேள்விக்கு: முடியும், ஆனால் பொறுமை வேண்டும். முதலில் வாய்ப்பாட்டு. கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுப்பவர்கள் டர்பனில் இருக்கிறார்கள், ஐஸ்டெட்ஃபோட் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்பவர்களை விசாரித்தாலே தெரிந்துவிடும். வாத்தியத்துக்குக் கோயில் திருவிழாவுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வரும் வித்வான்களைப் பிடியுங்கள். அவர்கள் தங்கியிருக்கும் நாட்களில் அடிப்படை போட்டுக்கொண்டு, பிறகு வீடியோ அழைப்பில் தொடரலாம். சீவாளியில் உதடு வைக்கும் விதத்தை மட்டும் நேரில்தான் கற்க வேண்டும். திரையில் பார்த்துச் செய்தால் தப்பாகப் பழகிவிடும், அப்புறம் மாற்றுவது பெரும்பாடு.

வாத்தியத்தை இணையத்தில் பார்த்து மலிவாக வாங்காதீர்கள். வரவேற்பறையில் அழகுக்கு வைக்கிற வகையறா நிறைய விற்கிறது, ஊதினால் சுருதி நிற்காது. சீவாளி பெரும்பாலும் திருவாவடுதுறைப் பக்கத்தில் செய்கிறார்கள். கொறுக்கத்தட்டையை நாள்படக் காயவைத்து, வேகவைத்துப் பதப்படுத்திக் கட்டுவது. வரும் ஆட்களிடம் சொல்லி மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டர்பன் கோடையின் புழுக்கத்தில் சீவாளி நமுத்துப் போகும். ஜோகன்னஸ்பர்க் குளிர்காலத்தில் காற்று எலும்பாகக் காய்ந்திருக்கும், அங்கே விறைத்து வெடிக்கும். வாசிக்கும் முன் நனைத்துப் பதம் பார்ப்பது பாடத்தில் பாதி. ஃபிளாட்டில் இருப்பவர்கள் அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். வாத்தியம் கற்பவன் முதல் ஆறு மாதம் எழுப்பும் சத்தம் யாருக்கும் மங்களமாகப் படாது.

கல்யாணத்துக்கு மேளம் வைத்திருக்கிறோம். வித்வானை எப்படிப் பார்த்துக்கொள்வது?

ஒரு மேடை, சின்னதாக இருந்தாலும் போதும். ஜமக்காளம், குடிக்க வெந்நீர், சாப்பாடு நேரத்துக்கு. கம்யூனிட்டி ஹாலுக்குள் நாதஸ்வரத்துக்கு மைக் தேவையே இல்லை. தேவைப்பட்டாலும் அனசுக்கு நேராக நட்டு வைக்காதீர்கள், தள்ளி வையுங்கள். அவர் ஒரு ராகத்தை எடுக்கும்போது சவுண்டுக்காரர் சினிமாப் பாட்டைப் போட்டுவிடாமல் ஓர் ஆளை நிறுத்துங்கள், இது எங்கள் ஊரில் நடக்கிற கூத்து. தாலி கட்டும் நேரத்துக்குக் கெட்டிமேளத்துக்குச் சைகை காட்டும் பொறுப்பை விவரம் தெரிந்த ஒரு பெரியவரிடம் விடுங்கள். நான்கு பேர் சேர்ந்து கையை ஆட்டினால் தவில்காரர் யாரைப் பார்ப்பார்?

அவரிடம் தோடி வாசிக்கச் சொல்லிக் கேட்கலாமா? கல்யாணத்தில் கூடாது என்கிறார்களே?

தாராளமாகக் கேட்கலாம். முகாரி, ஆகிரி மாதிரி சில ராகங்களைச் சிலர் விசேஷத்தில் தவிர்ப்பார்கள், தோடிக்கு அப்படித் தடை எதுவும் கிடையாது. மாப்பிள்ளை அழைப்பு முடிந்து சாப்பாட்டுக்குக் கூட்டம் நகரும் நேரம் பார்த்துப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அண்ணே, கொஞ்சம் தோடி" என்று சொல்லிப் பாருங்கள். சீவாளியை மாற்றிக்கொண்டு உங்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார். எழுந்து போகாமல் இருந்தால் போதும், வாசிப்பார்.